பன்னேர்கட்டா சஃபாரி: சிங்கத்தையும் புலியையும் ஒரே சவாரியில் பார்க்கப் போகிறவர்களுக்கு

பெங்களூருக்குத் தெற்கே 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா. அங்கே சஃபாரி வண்டியில் உட்கார்ந்ததும் காதில் விழும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். புலி கண்ணுக்குத் தெரியுமா? ரெண்டும் மோதினா எது ஜெயிக்கும்? லைகர் இருக்கா? லைகர் என்பது ஆண் சிங்கத்துக்கும் பெண் புலிக்கும் பிறக்கும் கலப்பு. அந்த மூன்றாவதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: இல்லை, இருக்கவும் கூடாது. மற்ற இரண்டுக்கும் பதில் நீங்கள் எந்த நேரத்தில் போகிறீர்கள், எதைக் கவனிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சிங்கத்தையும் புலியையும் கம்பிக் கூண்டுக்குள் இல்லாமல், சிறிது நேர இடைவெளியில் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிட வேண்டுமென்றால் தென்னிந்தியாவில் இதுதான் வசதியான இடம். வண்டலூர் பெரியது, 602 ஹெக்டேர், நிழலும் அதிகம். ஆனால் அங்கே சஃபாரி சிங்கத்துக்குத்தான். புலியை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். குஜராத்தின் தேவாலியாவில் சிங்கம் நிச்சயம், புலி கிடையாது. பன்னேர்கட்டாவில் தாவர உண்ணிகள், கரடி, சிங்கம், புலி என்று ஒரே சவாரியில் வரிசையாக வந்துவிடுகின்றன. 2024 ஜூனில் 20 ஹெக்டேரில் சிறுத்தைப் பகுதியும் திறந்தார்கள்.

போவதும் டிக்கெட்டும்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைப் பார்க்காமல் கிளம்பி, வாசலில் நின்று திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து 365ஆம் எண் நேரே பூங்கா வரை வரும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பெங்களூர் நகருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. ஆனேக்கல், ஜிகணி வழியாக வந்தால் போக்குவரத்து நெரிசல் மிச்சம்.

மிருகக்காட்சி சாலைக்கு மட்டும் ஒரு டிக்கெட், சஃபாரியும் சேர்த்து ஒரு டிக்கெட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சஃபாரியிலும் சாதாரணப் பேருந்து, ஏ.சி. பேருந்து, ஜீப் என்று வகைகள் உண்டு. எந்த வகை ஓடுகிறது, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அவ்வப்போது மாறுகிறது; பூங்காவின் இணையதளத்தில் பார்த்து, அங்கேயே முன்பதிவு செய்துவிடுவது நல்லது. சனி, ஞாயிறு வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தால் உச்சி வெயிலில்தான் வண்டி ஏறுவீர்கள். உச்சி வெயில் என்பது சிங்கம் உறங்கும் நேரம்.

ஜீப்பா, பேருந்தா? படம் எடுக்கிறவர்களுக்கு ஜீப். விலங்கின் கண்மட்டத்துக்குக் கேமரா வந்தால்தான் புலி புலியாகத் தெரியும். பேருந்து உயரத்திலிருந்து எடுத்தால் முதுகுதான் படத்தில் நிற்கும். பார்த்தால் போதும் என்கிறவர்களுக்குப் பேருந்தே மேல். புல் உயர்ந்து நிற்கும் மாதங்களில் அந்த உயரம்தான் கைகொடுக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை மழைப் புல்லில் படுத்த புலியை ஜீப்பிலிருந்து தேடுவது வீண் வேலை. ஜனவரி முதல் மே வரை புல் காய்ந்து, நீர்த்தொட்டி ஓரங்களில் விலங்குகள் கூடும். பார்வைக்கு அதுவே நல்ல பருவம்.

ஏ.சி. வண்டியில் கண்ணாடிப் பிரதிபலிப்புதான் பெரிய தொல்லை. அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பாதி தீரும். கம்பிவலை உள்ள வண்டியில் பெரிய கேமராவைவிடக் கைப்பேசி தேவலை. அதன் சிறிய லென்ஸ் வலையின் ஒரு கண்ணுக்குள் அடங்கிவிடும். லென்ஸ் வலைக்கு உட்பக்கமாக இருக்க வேண்டும், விரல் வெளியே நீளக் கூடாது. 2025ல் இங்கே சிறுத்தை ஜன்னல் வழியாக நகம் போட்டுப் பயணிகளுக்குக் காயம் ஏற்பட்ட சம்பவங்கள் செய்தியானது நினைவிருக்கலாம். சிறுத்தை வண்டி மேல் ஏறிவிடும் பிராணி. சிங்கமும் புலியும் எடை காரணமாக அவ்வளவு சுலபமாக ஏறுவதில்லை. ஏறுவதே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைப்பதற்கு முன் வலையின் இடைவெளியை ஒருமுறை பாருங்கள். வண்டி ஓடும்போது ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போனால் படம் கலங்கும்.

இரட்டைக் கதவு

ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வண்டி இரண்டு கதவுகளுக்கு நடுவே நிற்கும். பின்கதவு மூடிப் பூட்டிய பிறகுதான் முன்கதவு திறக்கும். பயணிகளுக்கு இது அலுப்பூட்டும் நிமிடம், ஆனால் சஃபாரி முழுவதும் இந்த நிமிடத்தை நம்பித்தான் ஓடுகிறது. கதவு ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பூங்காவிலேயே உதாரணம் உண்டு. 2017 செப்டம்பரில் ஒரு வெள்ளைப் புலி, பக்கத்தில் இருந்த வங்கப் புலிகளின் பகுதிக்குள் போய்விட்டது. அவை தாக்கியதில் பட்ட காயத்தால் சில நாளில் இறந்தது. கவனிக்க: அது புலிக்கும் புலிக்கும் நடந்தது. ஒரே இனத்துக்குள்ளேயே அறிமுகம் இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளாத பிராணியைச் சிங்கத்தோடு விட்டால் என்ன ஆகும்? துருக்கியின் அங்காரா மிருகக்காட்சி சாலையில் 2011ல் அதுவும் நடந்தது. இரு அடைப்புக்கும் நடுவே வேலியில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்த புலி, ஒரே அடியில் சிங்கத்தின் கழுத்து இரத்தக்குழாயைக் கிழித்துவிட்டது.

"எது ஜெயிக்கும்" என்கிற கேள்விக்கு அங்காராவைச் சாட்சியாக இழுப்பவர்கள் உண்டு. அது ஒரு சிங்கம், ஒரு புலி, ஒரு நாள். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எடையைப் பார்த்தால் வளர்ந்த ஆண் வங்கப் புலி பொதுவாக 180 முதல் 260 கிலோ. ஆண் ஆசியச் சிங்கம் 160 முதல் 190 கிலோ. புலி பின்னங்காலில் எழுந்து இரண்டு கையாலும் அடிக்கும். சிங்கம் சகோதரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் பழகியது. தனியே நிற்கும் சிங்கத்தைத் தனியே நிற்கும் புலியோடு ஒப்பிடுவதிலேயே சிங்கத்துக்குப் பாதி பலம் கழிந்துவிடுகிறது. வண்டியில் இந்த விவாதம் எழுந்தால் சவாரி முடியும்வரை ஓயாது. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது லாபம்.

சிங்கப் பகுதியில் எதைப் பார்ப்பது

சிங்கங்கள் கும்பலாகப் படுத்திருக்கும். ஒன்று எழுந்து இன்னொன்றின் பக்கம் போனால் வண்டியோட்டியிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். தலையைத் தலையோடு உரசி, உடம்பு முழுக்கத் தேய்த்துக்கொண்டே கடந்து போகும். குழுவில் யார் யார் நம்மவர் என்று உறுதிசெய்துகொள்ளும் வழக்கம் அது. பூங்காக்களில் இந்தக் குழு தானாக அமைவதில்லை. புதிய சிங்கத்தை முதலில் பக்கத்து அறையில் வைப்பார்கள். வலைக்கு அப்பால் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் விட்டு, படுத்த வைக்கோலை மாற்றிப் போட்டு, சீறலும் வலையில் அறைவதும் அடங்கிய பிறகே சிறிது நேரம் ஒன்றாக விடுவார்கள். அவசரப்பட்டால் தையல் போட மருத்துவரைக் கூப்பிட வேண்டிவரும்.

பன்னேர்கட்டாச் சிங்கங்களைப் பார்க்கும்போது வயிற்றுப்பக்கத்தையும் காதையும் கவனியுங்கள். குஜராத்தின் கிர் காட்டு ஆசியச் சிங்கத்துக்கு வயிற்றின் நடுவே நீளவாக்கில் தோல் மடிப்பு ஒன்று தொங்கும். ஆணின் பிடரி குட்டையாக இருப்பதால் காது வெளியே தெரியும். பிடரி அடர்ந்து காதை மூடி, வயிற்று மடிப்பும் இல்லாமல் ஒரு ஆண் சிங்கம் தென்பட்டால், அதன் பாட்டன் பூட்டன் வரிசையில் ஆப்பிரிக்காவும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முடிவான சோதனை மரபணுதான், இது கண்ணால் பார்க்கும் குறிப்பு மட்டும்.

இந்தக் கலப்பு எங்கிருந்து வந்தது? சர்க்கஸிலிருந்து. இந்திய சர்க்கஸ் கம்பெனிகள் ஆப்பிரிக்கச் சிங்கங்களை ஆசியச் சிங்கங்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்தன. சண்டிகர் அருகே சத்பீர் மிருகக்காட்சி சாலையிலும் அதே கலப்பு நடந்தது. எண்ணிக்கை பெருகி, நோய் எதிர்ப்பு குன்றிய விலங்குகள் பிறக்கவே, ஆண்களுக்குக் கருத்தடை செய்து நிறுத்தினார்கள். 1998ல் மத்திய அரசு சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டத் தடை செய்தது. 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. சர்க்கஸ் கூண்டுகளிலிருந்து மீட்ட விலங்குகளை வைத்துப் பராமரிக்கப் புனர்வாழ்வு மையங்கள் அமைந்தன. பன்னேர்கட்டாவும் வண்டலூரும் அவற்றில் உண்டு. அந்த மையங்களில் இனப்பெருக்கத்துக்கு அனுமதி இல்லை; வந்தவை ஆயுள் முடியும்வரை இருக்கும், அவ்வளவுதான்.

லைகரைத் தேடி வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கலப்பு என்றதும் கோடுபோட்ட சிங்கம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தியப் பூங்காக்களை உண்மையில் சிரமப்படுத்திய கலப்பு, பார்த்தால் வெறும் சிங்கமாகவே தெரியும் கலப்பு.

புலிப் பகுதி, அதிலுள்ள ஏமாற்றம்

இந்தச் சஃபாரியைப் பற்றிய குறைகளில் முதலிடம் "ஒரே ஒரு புலிதான் பார்த்தோம்" என்பதற்கு. குறை நியாயமாகத் தோன்றினாலும் காரணம் நிர்வாகத்திடம் இல்லை. சிங்கத்தைப்போல் பத்தைச் சேர்த்துத் திறந்துவிட முடியாது. தாயும் வளராத குட்டிகளும், அல்லது ஒன்றாகவே வளர்ந்த உடன்பிறப்புகளும் சேர்ந்திருக்கும்; மற்றபடி முறைபோட்டு ஒன்றிரண்டாகத்தான் வெளியே விட வேண்டும். மீதி உள்ளே அறையில் தன் முறைக்குக் காத்திருக்கும்.

நேரம் முக்கியம். இந்தியப் பூங்காக்களில் பெரும்பூனைகளுக்கு இறைச்சி மாலையில், உள்ளறைக்கு வந்த பிறகுதான். வளர்ந்த புலிக்குச் சுமார் 10 கிலோ. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவதும் பரவலான வழக்கம். ஆகவே காலையில் வெளியே விட்டதும் அவை எல்லையைச் சுற்றி மோப்பம் பிடித்து, மரத்தில் மூத்திரம் தெளித்து, நடமாடும். வெயில் ஏறினால் படுத்துவிடும். மாலையில் உணவு அறைப் பக்கம் திரும்பும் நேரத்தில் மறுபடி எழும். முதல் வண்டி அல்லது மூன்றரை மணிக்கு மேல் கிளம்பும் வண்டி; நடுவில் உள்ள எதையும் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

கோடையில் நடுப்பகலில் மாட்டிக்கொண்டால் ஒரே ஆறுதல் நீர்த்தொட்டி. புலி தண்ணீருக்குள் இறங்கும் விதத்தைப் பாருங்கள். முகத்தைக் கரைப்பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை முதலில் இறக்கி, மெதுவாக இடுப்பளவு அமிழும். கண்ணில் தண்ணீர் படுவது பிடிக்காது, எதிரே வருவது யார் என்றும் தெரிய வேண்டும். கழுத்துவரை அமிழ்ந்த பிறகும் காது மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். காதின் பின்புறம் கறுப்பு, அதன் நடுவில் வெள்ளைப் பொட்டு. சிங்கத்துக்கும் காதின் பின்புறம் கறுப்பு உண்டு, அந்தப் பொட்டு கிடையாது. சிங்கம் தொட்டியில் இப்படி ஊறுவதைப் பார்ப்பது அபூர்வம்.

இன்னொரு வேறுபாடு காதுக்கு. புலி தெரிந்தவரைப் பார்த்தால் மூக்கு வழியாக 'ப்ர்ர்ப்' என்று தும்மல்போல் ஒரு சத்தம் போடும். நட்பின் சத்தம் அது. பராமரிப்பாளர் வேலியோரம் நடந்தால் பெரும்பாலும் கேட்கலாம். சிங்கத்துக்கு அந்தச் சத்தம் கிடையாது. கர்ஜனையோ இரண்டுக்கும் உண்டு. அமைதியான இரவில் சிங்கத்தின் கர்ஜனை 8 கிலோமீட்டர்வரை கேட்கும் என்பார்கள், புலியுடையது அதில் பாதிக்கும் குறைவு. கூட்டத்தைக் கூப்பிடுகிறவனுக்கு நீண்ட குரல் வேண்டும். தனியாள் ஊரைக் கூட்ட வேண்டியதில்லை.

வெள்ளைப் புலிக்கு வண்டியில் எப்போதும் தனி ஆரவாரம். அது தனி இனம் இல்லை. 1951ல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் புலியை அதன் மகளோடே சேர்த்து உண்டாக்கிய வரிசையிலிருந்து பெருகியவை ஏராளம். SLC45A2 என்று விஞ்ஞானிகள் குறிக்கும் மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் நிறத்தைக் குறைக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் பாதையும் பிசகுவதால் மாறுகண் வருகிறது. நெருங்கிய உறவுக்குள் சேர்த்ததால் வரும் கோளாறுகள் வேறு. படம் எடுங்கள், ஆனால் குழந்தைகளிடம் "அரிய வகை" என்று சொல்லித்தர வேண்டாம்.

லைகர் ஏன் இல்லை

சிங்கமும் புலியும் பாந்தேரா என்ற ஒரே பேரினம். இரண்டுக்கும் குரோமோசோம் 38. ஆனால் நெருங்கிய உறவு என்று பார்த்தால் சிங்கத்துக்குச் சிறுத்தையும் ஜாகுவாரும், புலிக்குப் பனிச்சிறுத்தை. தோலை உரித்துவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது நிபுணருக்கும் வேலைதான். மண்டையோட்டில் கீழ்த்தாடையை மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். சிங்கத்தின் தாடை அடிப்புறம் வளைந்திருப்பதால் ஆடும், புலியுடையது அசையாமல் உட்காரும். இத்தனை நெருக்கம் இருப்பதால்தான் அடைத்து வைத்த இடத்தில் குட்டி பிறக்கிறது.

காட்டில்? இன்று இரண்டும் இயற்கையாக வாழும் ஒரே நாடு இந்தியா. ஆனால் கிர் பகுதியின் 891 சிங்கங்கள் (2025 கணக்கு) வாழும் இடத்தில் புலி இல்லை. 2022 கணக்கின்படி சராசரியாக 3,682 புலிகள் இருக்கும் காடுகளில் சிங்கம் இல்லை. 19ஆம் நூற்றாண்டுவரை வட இந்தியாவில் இரண்டின் பரப்பும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்திருந்தது. அப்போதும் சிங்கம் திறந்த புதர்நிலத்தையும் புலி அடர்ந்த மறைவையும் பிடித்துக்கொண்டன. காட்டில் பிறந்த கலப்புக் குட்டிக்கு நம்பத் தகுந்த பதிவு எதுவும் இல்லை. 2013ல் உச்ச நீதிமன்றம் கிர் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றச் சொன்னது. ரந்தம்போரிலிருந்து புலிகள் அங்கே வந்துபோவதைக் குஜராத் தரப்பு ஆட்சேபணையாகச் சொல்லியிருந்தது. சிங்கம் இன்றுவரை போகவில்லை. 2022ல் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிதான் போனது.

அடைப்பில் கலப்பு நடக்க ஒரு நிபந்தனை உண்டு: குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்திருக்க வேண்டும், தன் இனத் துணை கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஆண் சிங்கமும் பெண் புலியும் சேர்ந்தால் லைகர். ஆண் புலியும் பெண் சிங்கமும் சேர்ந்தால் டைகன். லைகர்தான் அதிகம் பிறந்திருக்கிறது. கூட்டத்தில் பழகிய ஆண் சிங்கம் புதிய பெண்ணை ஏற்கும். தனிமைக்காரப் புலியோ பெண் சிங்கத்தின் நேரடியான அணுகுமுறையைக் கண்டு மிரளும் என்பது பராமரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம்.

லைகர் பூதாகரமாக வளர்வதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் சுவையானது. பெண் சிங்கம் ஒரே பருவத்தில் பல ஆண்களோடு சேரக்கூடியது. அதனால் ஆண் சிங்கத்தின் மரபணுக்கள் தன் குட்டி மற்றதைவிடப் பெரிதாக வளர வேண்டும் என்று முடுக்கும். பெண் சிங்கத்தின் மரபணுக்கள் அதற்குக் கடிவாளம் போடும். பெண் புலிக்கு அந்தக் கடிவாளம் தேவைப்பட்டதில்லை. முடுக்கு இருக்கிறது, கடிவாளம் இல்லை, குட்டி வளர்ந்துகொண்டே போகிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் இருந்த ஹெர்குலிஸ் என்ற லைகர் 418.2 கிலோ என்று கின்னஸ் பதிவு செய்தது. டைகனில் முடுக்கும் குறைவு, கடிவாளமும் உண்டு. அது பெற்றோர் அளவைத் தாண்டுவதில்லை. லைகரின் அத்தனை எடையை அதன் மூட்டுகள் தாங்குவது எளிதில்லை. உடல் பருமன், மூட்டு நோய், குட்டியிலேயே சாவு ஆகியவை இந்தக் கலப்போடு கூடவே வரும்.

ஆண் கலப்புகளுக்கு வாரிசு கிடையாது. பெண் கலப்புகளில் சில ஈனும். கலப்பில் மலடாவது பெரும்பாலும் இரு வகை பால் குரோமோசோம் கொண்ட பால்தான் (பாலூட்டிகளில் அது ஆண்) என்று 1922ல் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் சொன்ன விதி இங்கேயும் பொருந்துகிறது. அதே ஹால்டேன் 1957ல் கல்கத்தாவுக்குக் குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேசுவரத்தில் இறந்தார். அவர் விதிக்கு உயிருள்ள சாட்சி அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் அதே கல்கத்தாவில் பிறந்தது தற்செயல்தான். அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் 1970களில் பிறந்த ருத்ராணி என்ற பெண் டைகன், தேவபிரதா என்ற ஆசியச் சிங்கத்தோடு சேர்ந்து மொத்தம் ஏழு குட்டிகள் ஈன்றது. அவற்றுக்கு லிடிகன் என்று பெயர். 1979ல் பிறந்த குபனாகான் என்ற ஆண் 363 கிலோவுக்குக் குறையாத எடைக்கு வளர்ந்து, 1991ல் வாரிசில்லாமல் இறந்தது. 1985ல் மத்திய அரசு இந்தக் கலப்புப் பணியைத் தடை செய்தது. இன்று எந்த அங்கீகாரம் பெற்ற இந்தியப் பூங்காவிலும் சிங்கமும் புலியும் தனித்தனி அடைப்பில்தான். வெளிநாட்டிலும் நிலைமை இறுகிவருகிறது. தனியார் பெரும்பூனை வளர்ப்பையும் குட்டியைத் தொட்டுப் படம் எடுக்கும் வியாபாரத்தையும் முடக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்தது.

சேர்ந்து வாழ்ந்த கதைகளும் உண்டு என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2001ல் போதைப்பொருள் சோதனையின்போது மீட்கப்பட்ட சிங்கம், புலி, கரடிக் குட்டிகள் மூன்றும் ஒரே அடைப்பில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அவை குட்டியிலிருந்தே ஒன்றாக இருந்தவை. வளர்ந்த இரண்டை இன்று அறிமுகப்படுத்த யாரும் துணியமாட்டார்கள்.

யாருக்கு இது சரிவரும்

ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும், விலங்கை ஓரளவு தெரிந்து பார்க்கிறவர்களுக்கும் பணம் வீணாகாது. காட்டுப் புலியைப் பார்த்த பரபரப்பை எதிர்பார்ப்பவர்கள் கபினிக்கோ பந்திப்பூருக்கோ போக வேண்டும். இங்கே உள்ளவை கையால் தீனி வாங்கும் விலங்குகள், வண்டிச் சத்தத்துக்குத் தலைகூடத் தூக்காது. சவாரியில் விலங்கின் பெயர், பிறந்த இடம், கலப்பா அசலா என்கிற விவரம் வேண்டுமென்றால் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டம் இல்லாத வேலைநாளில் கேட்டால் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். வண்டி நகர்ந்துகொண்டே இருப்பது இந்தச் சேவையின் பெரிய பலவீனம். கரடிப் பகுதியில் செலவாகும் நேரத்தைக் குறைத்துப் புலியில் கூட்டினால் எல்லோருக்கும் நல்லது.

தண்ணீர் கையோடு கொண்டுபோகவும், தீனிப் பொட்டலம் வேண்டாம், குரங்கு பறிக்கும். சஃபாரியைக் காலையில் முதலில் முடித்துவிட்டு மிருகக்காட்சி சாலையை நடந்து பார்க்கவும், பட்டாம்பூச்சிப் பூங்காவை வெயில் இருக்கும்போதே பார்க்கவும். மேகம் மூடினால் அவை பறப்பதில்லை. மாலை ஐந்துக்கு மேல் 365க்கு நிற்கும் வரிசை நீளம், நாலரைக்கே வெளியே வந்துவிடுங்கள்.